தலைவரைத் துணியில் தைப்பது: ஒபாமா குவில்ட்டுகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

2009 ஜனவரியில், பராக் ஒபாமா அமெரிக்காவின் 44ஆவது குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற சமயத்தில், வாஷிங்டன் நகர வரலாற்றுக் கழகத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. அங்கே சுவர்களில் போர்வைகள் தொங்கின. துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த அந்தப் போர்வைகளின் பொருள் முழுக்க முழுக்க ஒபாமாதான். கண்காட்சியைத் தொகுத்தவர் ரோலண்ட் ஃப்ரீமன் என்ற புகைப்படக் கலைஞர். ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் போர்வைத் தையற்கலையை ஊர் ஊராகச் சென்று பல ஆண்டுகள் படம்பிடித்து ஆவணப்படுத்தியவர். அடுத்த மாதமே, நகரை ஒட்டிய சில்வர் ஸ்பிரிங்கில் ஒரு கல்லூரியின் காட்சிக்கூடத்தில் ஒபாமாவைப் பற்றிய மற்றொரு குவில்ட் கண்காட்சி தொடங்கியது. ஓர் அரசியல் தலைவரின் வெற்றியை இத்தனை பேர் ஏன் ஊசியையும் நூலையும் கொண்டு பதிவு செய்தார்கள் என்பதும், அத்தகைய ஒரு குவில்ட்டை எப்படிப் பார்ப்பது என்பதும் இந்தக் கலைக்குப் புதியவர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தலைவரைப் பற்றிய குவில்ட்டில் முகத்தைத் தேடுவதற்கு முன் துணியைப் பார்க்க வேண்டும். அது எந்தத் துணி, எங்கிருந்து வந்தது, எந்த அமைப்பில் தைக்கப்பட்டது, தைத்தவர் யார் என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே அதில் உள்ள அரசியல் தெரியத் தொடங்கும்.

குவில்ட் என்பது

குவில்ட் என்பது மூன்று அடுக்குகள் கொண்ட போர்வை. மேலே பார்வைக்குத் தெரியும் மேல்துணி, நடுவே பஞ்சாலான மெல்லிய படுகை, கீழே அடித்துணி ஆகிய மூன்றும் நகராமல் இருப்பதற்காக, அவற்றை ஊடுருவிச் செல்லும் ஓட்டுத் தையல் போர்வை முழுவதும் இடப்படும். இந்தத் தையல் இருந்தால்தான் அது குவில்ட். மேல்துணி பல துண்டுகளால் ஆனதாக இருக்கலாம், ஒரே துணியாகவும் இருக்கலாம். மூன்று அடுக்கையும் பிணைக்கும் அந்தத் தையல் கோடுகளே மேற்பரப்பில் மேடு பள்ளங்களை உண்டாக்குகின்றன. ஒரு முகத்தின் கன்ன மேட்டையும், கொடியின் அசைவையும், சூரியக் கதிரின் வீச்சையும் நிறத்தின் உதவியே இல்லாமல் காட்ட அவற்றால் முடியும்.

மேல்துணியை உருவாக்க இரண்டு முக்கியமான வழிகள் உண்டு. முதல் வழியில் சதுரம், முக்கோணம், சாய்சதுரம் என்று வெட்டிய துண்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்து ஒரு கட்டத்தை அமைப்பார்கள். பல கட்டங்கள் சேர்ந்து போர்வையாகும். நம் தையற்கடைகளில் பேட்ச் ஒர்க் என்று சொல்வதற்கு இது நெருக்கமானது. இரண்டாவது வழி அப்ளிக். ஒரு பின்புலத் துணியின் மேல் வேறு துணியிலிருந்து வெட்டிய உருவங்களை வைத்து ஓரத்தைத் தைப்பது அது. தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பைகளில் யாளியும் தாமரையும் துணியை வெட்டி வைத்துத் தைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அப்ளிக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தலைவர்களைப் பற்றிய குவில்ட்டுகளில் முகமும் உருவமும் பெரும்பாலும் அப்ளிக்காலும், அவற்றைச் சூழ்ந்திருக்கும் பின்புலம் துண்டுகளின் இணைப்பாலும் ஆனவை.

கட்டங்களுக்குப் பெயர்கள் உண்டு என்பது இங்கே முக்கியம். ஒரே வடிவத்தில் திரும்பத் திரும்பத் தைக்கப்பட்ட கட்டங்களைத் தைப்பவர்கள் ஒரு பெயரால் அடையாளம் கண்டார்கள். அந்தப் பெயர்களில் ஒரு பகுதி அரசியலிலிருந்து வந்தது.

வாக்குரிமைக்கு முன்பே

அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமையை உறுதிசெய்த 19ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1920இல்தான் நிறைவேறியது. ஆனால் அதற்கு ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்பே அவர்களுடைய போர்வைகளில் தேர்தல்கள் நுழைந்துவிட்டன. 1824, 1832, 1844 ஆகிய மூன்று குடியரசுத் தலைவர் தேர்தல்களில் நின்று மூன்றிலும் தோற்ற ஹென்றி க்ளேயின் பெயரில் ‘க்ளேயின் தேர்வு’ என்றொரு கட்டம் இருக்கிறது. ஆரிகன் நிலப்பகுதியைப் பற்றி பிரிட்டனோடு நடந்த எல்லைத் தகராறின்போது, எல்லை 54 பாகை 40 கலை அட்சக்கோட்டில் அமைய வேண்டும் என்று எழுந்த ‘ஐம்பத்து நான்கு நாற்பது, இல்லையேல் போர்’ என்ற முழக்கமும் ஒரு நட்சத்திரக் கட்டத்தின் பெயராயிற்று. 1846இல் எல்லை 49ஆவது அட்சக்கோட்டோடு சமரசமாக முடிந்த பிறகும் அந்தக் கட்டத்தின் பெயர் மாறவில்லை. ஏறத்தாழ ஒரே ரோஜா வடிவத்தை, அக்காலத்தில் எதிரெதிராக நின்ற இரண்டு கட்சிகளின் பெயரால், விக் கட்சியின் ரோஜா என்றும் ஜனநாயகக் கட்சியின் ரோஜா என்றும் இரு பெயர்களில் அழைத்திருக்கிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இந்தப் பெயர்களில் பல, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னரும் இதழ்களும் செய்தித்தாள்களும் குவில்ட் மாதிரிகளை அச்சிடத் தொடங்கிய பிறகே நிலைபெற்றவை. ஆகவே 1840களின் ஒரு போர்வையைக் காட்டி, அதைத் தைத்தவர் இன்ன தலைவரின் ஆதரவாளர் என்று கட்டத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

துணியில் அச்சான பிரசாரத்துக்கு அத்தகைய ஐயம் இல்லை. 1840 தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசனின் ஆதரவாளர்கள் அவரை மரக்கட்டைக் குடிசையில் வாழும் எளிய மனிதராகச் சித்தரித்தார்கள். அந்தக் குடிசையை அச்சிட்ட பருத்தித் துணிகளும் கைக்குட்டைகளும் விற்பனைக்கு வந்தன; அவற்றைப் பெண்கள் வெட்டிப் போர்வைகளில் சேர்த்தார்கள். தேர்தல் கூட்டத்தில் பேச இடமில்லாத ஒருத்தி, தன் வீட்டுக்கு வரும் விருந்தினர் படுக்கும் கட்டிலில் தன் கட்சியை விரித்து வைத்தாள் என்றே இதைப் புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு பெண் தலைவர்களையே தன் குவில்ட்டுக்குள் வரவழைத்தார். ரோட் தீவைச் சேர்ந்த அடலைன் ஹாரிஸ் 1856இல், பதினேழு வயதில், வெள்ளைப் பட்டுத் துண்டுகளை அஞ்சலில் அக்காலத்துப் புகழ்பெற்றவர்களுக்கு அனுப்பிக் கையெழுத்துக் கேட்டார். ஆபிரகாம் லிங்கன் உட்பட எட்டுக் குடியரசுத் தலைவர்களின் கையெழுத்துகள் அடங்கிய 360 துண்டுகள் சேர்ந்தன. அவற்றை அடுக்கிய கனசதுரங்கள் போலத் தோன்றும் வடிவத்தில் அவர் தைத்த குவில்ட் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. முகம் ஒன்றுகூட இல்லாத அந்தக் குவில்ட்டைத் தலைவர்களைப் பற்றிய குவில்ட்டுகளில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக நான் கருதுகிறேன்.

லிங்கன் வீட்டோடு தொடர்புடைய மற்றொரு குவில்ட் ஒபாமா குவில்ட்டுகளின் கதைக்கு இன்னும் நெருக்கமானது. எலிசபெத் கெக்லி அடிமையாகப் பிறந்தவர். தையல் திறமையால் தமக்கென வாடிக்கையாளர்களைச் சேர்த்துக்கொண்டு, 1855இல் 1,200 டாலர் கொடுத்துத் தம்மையும் மகனையும் அடிமைத்தனத்திலிருந்து மீட்டார். பின்னர் வாஷிங்டனில் லிங்கனின் மனைவி மேரி டாட் லிங்கனுக்கு ஆடை தைப்பவரானார். மேரி லிங்கனின் ஆடைகளில் மிஞ்சிய பட்டுத் துண்டுகளால் அவர் தைத்ததாகச் சொல்லப்படும் குவில்ட் ஒஹாயோவில் உள்ள கென்ட் மாநிலப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் நடுவில் ஒரு கழுகு. அதனோடு ‘விடுதலை’ என்ற ஒரே சொல் பூத்தையலால் எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சொல்லின் விலையை டாலர் கணக்கில் அறிந்திருந்த கை அதைத் தைத்தது என்பது தெரியாவிட்டால், அது எங்கும் காணும் ஒரு நாட்டுச் சின்னம் மட்டுமே.

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் குவில்ட் கேலிச்சித்திரமாகவும் ஆயிற்று. ‘வளம் அடுத்த திருப்பத்திலேயே இருக்கிறது’ என்ற பேச்சு அப்போதைய குடியரசுத் தலைவர் ஹூவரின் ஆட்சியோடு சேர்த்து மக்கள் நினைவில் பதிந்திருந்தது. அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்ட டெக்சஸ் பெண்மணி ஃபேனி ஷா, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொருவரைச் சுவர் மூலையிலிருந்து எட்டிப் பார்க்க வைத்தார். எல்லோரும் அந்த வளத்தைத் தேடுகிறார்கள். கடைசிக் கட்டத்தில்தான் அமெரிக்க அரசைக் குறிக்கும் கேலிச்சித்திர உருவமான அங்கிள் சாம் உதவியோடு வந்து சேர்கிறார். 1930க்கும் 1932க்கும் இடையில் தைக்கப்பட்ட இந்தக் குவில்ட் டாலஸ் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. தலைவரைப் பற்றிய குவில்ட் என்றால் புகழ்ச்சி என்று எண்ணுபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

அதே பத்தாண்டில், 1934இல், அணைகளும் மின்சாரமும் தருவதற்காக அரசு அமைத்த டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் அணை கட்டும் பணிக்கு அலபாமாவுக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்களின் மனைவியர், ரூத் கிளெமென்ட் பாண்ட் என்பவரின் வடிவமைப்புகளைத் துணியில் தைத்தார்கள். அவற்றுள் ஒன்றில் ஒரு கறுப்பு முட்டி மின்னலைப் பற்றியிருக்கிறது. அப்போதைய குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் முகம் அதில் எங்கும் இல்லை. ஆனால் அவருடைய ஆட்சி தங்களுக்கு எதைத் தந்தது, எதைத் தர வேண்டும் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. முந்தைய ஆண்டு சிகாகோ உலகப் பொருட்காட்சியை ஒட்டி சியர்ஸ் நிறுவனம் நடத்திய குவில்ட் போட்டிக்குச் சுமார் 24,000 போர்வைகள் வந்தன. முதல் பரிசு பெற்றது குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அன்பளிப்பாகப் போனது. பரிசு பெற்றவர் அதைத் தாமே தைக்கவில்லை, கூலி பெற்ற வேறு பெண்கள் தைத்தார்கள் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே வெளியில் தெரிந்தது. அந்தக் குவில்ட் இப்போது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒபாமாவுக்கு ஏன்?

இந்த நீண்ட மரபில் ஒபாமா குவில்ட்டுகள் இரண்டு வகையில் தனித்து நிற்கின்றன. ஒன்று, ஒரே தலைவரைப் பற்றி இத்தனை குவில்ட்டுகள் இவ்வளவு குறுகிய காலத்தில் கண்காட்சிகளாகவே திரண்டது. மற்றொன்று, அவற்றைத் தைத்தவர்களில் பெரும் பகுதியினர் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள் என்பது. முதலாவதற்கான விடை இரண்டாவதில் இருக்கிறது.

அடிமைமுறைக் காலத்தில் பண்ணை வீடுகளின் நேர்த்தியான போர்வைகளைத் தைத்தவர்களில் அடிமைப் பெண்கள் இருந்தார்கள். தங்கள் குடிசைகளுக்கு மிஞ்சிய துணியிலும் கிழிந்த ஆடையிலும் தைத்துக்கொண்டார்கள். அவர்களில் பெயரோடு நமக்குக் கிடைத்தவர்கள் மிகச் சிலர். 1837இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் அத்தகையவர். விவிலியக் கதைகளை அப்ளிக்கில் அமைத்த அவருடைய குவில்ட்டை, வறுமையின் காரணமாக 1891இல் ஐந்து டாலருக்கு விற்றார். அது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. வாங்கிய பெண்மணி, ஒவ்வொரு கட்டமும் எதைக் குறிக்கிறது என்று பவர்ஸிடம் கேட்டு எழுதி வைத்ததால் அவர் என்ன நினைத்துத் தைத்தார் என்பது நமக்குத் தெரிகிறது.

அலபாமாவில் ஆற்று வளைவுக்குள் அமைந்த ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர் இந்தக் கதையில் தவிர்க்க முடியாத இடம். அடிமைகளின் வழித்தோன்றல்கள் வாழும் அந்த ஊருக்கு 1965இல் மார்ட்டின் லூதர் கிங் வந்தார். வாக்காளர் பட்டியலில் பெயர் பதிய மக்கள் ஆற்றைக் கடந்து போகத் தொடங்கியபோது, 1962இல் அந்தப் படகுப் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. அது மீண்டும் ஓடத் தொடங்கியது 2006இல்தான். 1966இல் அந்த வட்டாரத்துப் பெண்கள் ‘விடுதலைக் குவில்ட் குழு’ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். 1968இல் கிங்கின் இறுதி ஊர்வலத்தில் அவருடைய உடலைச் சுமந்த வண்டியை இழுத்தவை ஜீஸ் பெண்ட் கோவேறு கழுதைகள். இந்த ஊரின் குவில்ட்டுகள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டபோது, கலை விமர்சகர்கள் அவற்றை நவீன ஓவியங்களோடு ஒப்பிட்டார்கள். ஒப்பீட்டில் தவறில்லை, ஆனாலும் மிசூரி பெட்வே என்ற பெண் இறந்துபோன தன் கணவரின் வேலை உடைகளை வெட்டி 1942இல் தைத்த குவில்ட்டில் முழங்கால் தேய்ந்த தடமும் வெயிலில் வெளுத்த நீலமும் அப்படியே இருப்பதைப் பார்க்கும்போது, எந்த நவீன ஓவியரும் நினைவுக்கு வர வேண்டிய அவசியம் எனக்குத் தோன்றுவதில்லை.

இப்படி வாக்குரிமையும் போர்வையும் ஒரே வீட்டின் கதையாக இருந்த மக்களிடமிருந்துதான் 2008க்குப் பின் ஒபாமா குவில்ட்டுகள் வந்தன. அவர்களை அதற்கு முன்பே ஓர் அமைப்பாகத் திரட்டியவர் கரோலின் மஸ்லூமி. விண்வெளிப் பொறியாளராகப் பயின்று அத்துறையில் பணியாற்றிய இவர், தம்மைப் போன்ற கறுப்பினக் குவில்ட் கலைஞர்கள் ஒருவரையொருவர் அறியாமல் தனித்தனியே தைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு, 1985இல் கறுப்பின மற்றும் பிற நிறப் பெண்களுக்கான குவில்ட் கலைஞர்கள் வலையமைப்பைத் தொடங்கினார். ஒபாமாவால் உந்தப்பட்ட குவில்ட்டுகளைத் திரட்டி 2010இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார். 2014இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் நாட்டுப்புறக் கலைகளுக்கு வழங்கும் மிக உயர்ந்த மதிப்புறு விருது அவருக்குக் கிடைத்தது. அமைப்பு ஏற்கெனவே இருந்ததால்தான், ஒரு தேர்தல் முடிவு ஆயிரம் வீடுகளில் தனித்தனிப் போர்வைகளாகச் சிதறாமல் ஒரு தொகுப்பாக நமக்குக் கிடைத்தது.

இனி அந்தக் குவில்ட்டுகளின் துணியைப் பார்க்கலாம். ஒபாமாவின் தந்தை கென்யாவைச் சேர்ந்தவர். கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் உடுத்தும் கங்கா என்ற பருத்தித் துணியில் நடுவே ஒரு படமும் கீழே சுவாஹிலி மொழியில் ஒரு வாசகமும் அச்சிடுவது வழக்கம். 2008 வெற்றிக்குப் பின் ஒபாமாவின் முகத்தோடு, ‘அன்பையும் அமைதியையும் இறைவன் நமக்கு அருளியிருக்கிறான்’ என்ற வாசகம் தாங்கிய கங்காக்கள் விற்பனைக்கு வந்தன. தலைவர்களின் உருவத்தை அச்சிட்ட நினைவுத் துணிகள் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் நெடுங்கால வழக்கம். அத்தகைய துணியை அமெரிக்கக் குவில்ட் ஒன்றின் நடுவே வைத்து, சுற்றிலும் பாரம்பரியமான அமெரிக்கக் கட்டங்களைத் தைக்கும்போது, ஒபாமாவின் பிறப்பு வரலாறு எழுத்தே இல்லாமல் சொல்லப்பட்டுவிடுகிறது.

அவருடைய தாயார் ஆன் டன்ஹமின் கதையிலும் துணி இருக்கிறது. கான்சஸில் பிறந்து, மானிடவியலாளராக இந்தோனேசியாவின் ஜாவா தீவில் கிராமத்துக் கைவினைத் தொழில்களை ஆராய்ந்த அவர், மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் பத்திக் துணிகளைச் சேகரித்தார். அந்தச் சேகரிப்பு 2009இல் வாஷிங்டனின் துணி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பத்திக்கோ குவில்ட் தைப்பவர்கள் பலர் விரும்பி வாங்கும் துணி. நெருக்கமான நெசவும் நிறத்தின் ஏற்ற இறக்கமும் அதன் சிறப்பு. ஒரு ஒபாமா குவில்ட்டில் பத்திக் இருந்தால் அது தாயைக் குறிக்கிறதா, கைவசம் இருந்த நல்ல துணி என்பதால் வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தைத்தவர் எழுதி வைத்த குறிப்பு இருந்தால் அதை நம்பலாம். இல்லாவிட்டால் ஊகத்தை ஊகமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒபாமாவின் தேர்தல் சின்னமும் தைப்பவர்களுக்கு உதவியது. நீல வட்டம், அதனுள் வெண்ணிற உதயம், கீழே சிவப்பும் வெள்ளையுமான வரப்புகள் என்ற அந்த வடிவம் துணியில் வெட்டித் தைப்பதற்கென்றே வரைந்தது போல எளிமையானது. அதைத் தவிர அடிக்கடி காணப்படுபவை லிங்கன், மார்ட்டின் லூதர் கிங், ரோசா பார்க்ஸ் ஆகியோரின் உருவங்கள். இவர்களில் ரோசா பார்க்ஸ் இடம்பெறுவதற்குத் தையல் சார்ந்த காரணமும் உண்டு. 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தபோது அவர் ஒரு பெருங்கடையின் தையல் பிரிவில் வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார். லிங்கனைக் குறிப்பதற்கு உருவம்கூட வேண்டியதில்லை. நடுவில் சிறு சதுரமும் அதைச் சுற்றி அடுக்கடுக்காக நீளப் பட்டைகளும் கொண்ட ‘மரக்கட்டைக் குடிசை’ என்ற கட்டம் 1860களிலிருந்து லிங்கனோடு இணைத்துப் பேசப்படுகிறது. தம் போட்டியை லிங்கனின் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் அறிவித்து, லிங்கனின் விவிலியத்தின் மீது கைவைத்துப் பதவியேற்ற ஒபாமாவுக்கு அந்தக் கட்டம் இயல்பாகவே பொருந்தியது.

எல்லா ஒபாமா குவில்ட்டுகளும் சிறந்தவை என்று நான் சொல்லமாட்டேன். புகைப்படத்தைத் துணியில் அச்சடித்து, சுற்றிலும் நட்சத்திரத் துணியைக் கரையாக வைத்து முடித்தவையும் உண்டு. அவற்றின் அன்பில் குறையில்லை, ஆனால் பார்க்க அதிகமாக எதுவும் இல்லை. தேர்தல் வெற்றியின் மகிழ்ச்சியில் பிறந்தவை என்பதால், ஆட்சியில் அந்தத் தலைவர் என்ன செய்தார் என்ற கேள்வியை இவை பெரும்பாலும் எழுப்புவதும் இல்லை. ஃபேனி ஷாவின் எள்ளல் இவற்றில் அரிது.

முகம் எப்படி உருவாகிறது?

ஒரு புகைப்படத்திலிருந்து முகத்தைத் துணிக்குக் கொண்டுவரும்போது, முதலில் நிறத்தை மறந்துவிட்டு வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் பிரிக்க வேண்டும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, மிக வெளிச்சமானது முதல் மிக இருண்டது வரை நான்கைந்து படிநிலைகளாகக் குறைத்தால், முகம் தீவுகள் போன்ற வடிவங்களாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு தீவும் ஒரு துணித்துண்டு. வடிவங்களைத் தாளில் நகலெடுத்து, சூட்டில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பசைத்தாளைத் துணியின் பின்புறம் வைத்து இஸ்திரி போட்டு, வெட்டி, வெளிர் நிறத்திலிருந்து இருண்ட நிறம் வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மறுபடி இஸ்திரி போடுவார்கள். அதன் பிறகே மூன்று அடுக்கையும் சேர்த்து, தையல் இயந்திரத்தில் துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு, கையால் துணியை விரும்பிய திசையில் நகர்த்தி நூலாலேயே கோடு வரைவார்கள். தலைமுடிக்கு அடர்த்தியான நூல், கன்னத்துக்கு அகலமான இடைவெளி என்று நூலின் நெருக்கமே தூரிகையின் வேலையைச் செய்கிறது.

வெளிச்சமும் நிழலும் சரியாக இருந்தால் நிறம் எதுவானாலும் முகம் அடையாளம் தெரியும் என்பது இந்த முறையின் முக்கியமான விளைவு. நீலக் கன்னமும் ஊதா நெற்றியும் கொண்ட முகத்தையும் கண் உடனே ஏற்றுக்கொள்ளும். இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் நியூ ஜெர்சியைச் சேர்ந்த பீசா பட்லர். கானாவில் வேர்கொண்ட குடும்பத்தில் பிறந்த அவர், மேற்கு ஆப்பிரிக்க அச்சுத் துணிகளையும் பட்டையும் வெல்வெட்டையும் கொண்டு பழைய புகைப்படங்களை ஆளுயரக் குவில்ட்டுகளாக்குகிறார். அடிமைமுறை எதிர்ப்பாளர் ஃபிரெடரிக் டக்ளஸ், அடிமைகள் தப்பியோட உதவியவர்களில் முதன்மையான ஹாரியட் டப்மன், மரம் நடும் இயக்கத்தால் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற கென்யாவின் வங்காரி மாத்தாய் ஆகியோரை அவர் அவ்வாறு தைத்திருக்கிறார்.

புகைப்படம் யாருடையது என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். 2008இல் ஷெப்பர்ட் ஃபேரி என்ற கலைஞர் வரைந்து உலகெங்கும் பரவிய, ஒபாமாவின் முகம் கொண்ட சிவப்பு, நீல ‘நம்பிக்கை’ சுவரொட்டிக்கு அடிப்படை 2006இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்துக்காக எடுக்கப்பட்ட ஒரு படம். அதன் உரிமை குறித்து நீதிமன்றத்துக்குப் போன வழக்கு 2011இல் சமரசத்தில் முடிந்தது. குவில்ட் தைத்துக் கண்காட்சிக்கு அனுப்புபவரும், அதை விற்பவரும் இதே சிக்கலில் மாட்டக்கூடும். அமெரிக்க அரசு ஊழியர்கள் பணியின் பகுதியாக எடுக்கும் படங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது என்பதால், வெள்ளை மாளிகைப் புகைப்படக்காரர்களின் படங்களை எடுத்துக்கொள்வது பாதுகாப்பான வழி.

ஓவியம் குவில்ட்டிடம் கடன் வாங்கிய நிகழ்வும் உண்டு. 2018இல் வாஷிங்டனின் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் திறக்கப்பட்ட மிஷல் ஒபாமாவின் ஓவியத்தில் அவர் அணிந்திருக்கும் நீண்ட வெள்ளை ஆடையின் வடிவக் கட்டங்கள், ஜீஸ் பெண்ட் குவில்ட்டுகளைத் தமக்கு நினைவூட்டியதாக அதை வரைந்த ஏமி ஷெரால்ட் சொன்னார்.

மண்டேலாவும் ஒரு கட்டுக்கதையும்

இந்த வழக்கம் ஒபாமாவோடு நின்றுவிடவில்லை. நெல்சன் மண்டேலா 2013 டிசம்பர் 5 அன்று மறைந்த பிறகு, அமெரிக்க, தென்னாப்பிரிக்கக் குவில்ட் கலைஞர்கள் அவருடைய வாழ்வைப் பற்றித் தைத்த போர்வைகள் 2014இல் ஒரே கண்காட்சியாக இணைந்தன. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக அருங்காட்சியகமும் மஸ்லூமியின் வலையமைப்பும் அதில் பங்கேற்றன. தென்னாப்பிரிக்காவுக்கென்று ஒரு குவில்ட் துணி இருக்கிறது: நீலத்திலும் பழுப்பிலும் நுண்ணிய கோல வடிவங்கள் அச்சான ஷ்வேஷ்வே. திருமணம் முதலிய சடங்குகளில் உடுத்தும் துணி என்பதால், மண்டேலாவைப் பற்றிய குவில்ட்டில் அது இருந்தால் அவரை வீட்டு மனிதராக வரவேற்பதாகவும் அதைப் படிக்கலாம்.

தொடக்கநிலையினர் அடிக்கடி கேள்விப்படும் ஒரு கதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெற்கிலிருந்து தப்பியோடிய அடிமைகளுக்கு வழிகாட்ட, வேலியில் காயப்போட்ட குவில்ட்டுகளின் கட்டங்களில் இரகசியக் குறியீடுகள் தைக்கப்பட்டிருந்தன என்ற அந்தக் கதை 1999க்குப் பின் பெரிதும் பரவியது. அக்காலத்து ஆவணங்களிலோ தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்களிலோ அதற்கான சான்று இல்லை என்பது குவில்ட் வரலாற்று ஆய்வாளர்களின் முடிவு. ஆயினும் விடுதலையைக் குறிக்க அந்தக் கட்டங்களை இன்றைய கலைஞர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒபாமா குவில்ட்டில் அத்தகைய கட்டத்தைக் கண்டால், அதை 19ஆம் நூற்றாண்டின் சான்றாகக் கொள்ளாமல், 21ஆம் நூற்றாண்டின் நம்பிக்கையாக எடுத்துக்கொள்வதே சரி.

பார்ப்பவருக்குச் சில குறிப்புகள்

குவில்ட்டின் முன் நிற்கும்போது முதலில் சற்றுத் தொலைவிலிருந்து முழு அமைப்பையும், பிறகு அருகில் சென்று தையலையும் பார்ப்பது நல்லது. சட்டைத் துணியா, நினைவுத் துணியா, கடையில் புதிதாக வாங்கியதா என்பதையும், கைத்தையலா இயந்திரத் தையலா என்பதையும் அப்போதுதான் அறிய முடியும். பின்புறத்தின் ஒரு மூலையில் தைத்தவரின் பெயர், ஊர், ஆண்டு, சில சமயம் தைத்த காரணம் எழுதிய சிறு துணிச் சீட்டு இருக்கும். கண்காட்சியில் அதைத் திருப்பிப் பார்க்க அனுமதி கிடைக்காது. ஆனால் பட்டியலிலோ சுவர்க் குறிப்பிலோ அந்தத் தகவல் இருக்கிறதா என்று கேட்கலாம்.

அச்சுப் படத்தில் மேடு பள்ளம் தெரியாது என்பதால் ஒன்றையாவது நேரில் பார்ப்பது அவசியம். நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் உள்ள பன்னாட்டுக் குவில்ட் அருங்காட்சியகமும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக அருங்காட்சியகமும் இத்துறையின் முக்கியமான சேகரிப்புகள். நேரில் போக முடியாதவர்கள், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ள குவில்ட் இண்டெக்ஸ் என்ற இணையத் தொகுப்பில் பல்லாயிரக்கணக்கான குவில்ட்டுகளின் படங்களையும் தைத்தவர்களைப் பற்றிய விவரங்களையும் தேடிப் பார்க்கலாம். ஒளி பட்டால் துணியின் சாயம் வெளுக்கும் என்பதால் அருங்காட்சியகங்கள் குவில்ட்டுகளைச் சுமார் 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சத்தில் சில மாதங்கள் மட்டும் தொங்கவிட்டு, பிறகு கிடங்கில் ஓய்வுக்கு வைத்துவிடும். ஆகவே குறிப்பிட்ட ஒரு குவில்ட்டைப் பார்க்கவென்றே பயணம் போகிறவர்கள், அது அப்போது காட்சியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.